தாளாளர் மேசையில் ஒரு குளவிக்கூடு

விலங்கியலில் முதுகலை படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பூச்சியைப் பார்த்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலை மேல் எறும்பு ஊர்ந்தால் மற்றவர்கள் தட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள். நாங்கள் அது எந்த எறும்பு, அதற்கு எத்தனை வயிறு என்று பக்கத்து இலைக்காரருக்குப் பாடம் எடுப்போம். (அவர் மோருக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து போய்விடுவார்.) இந்தப் பழக்கத்தால் நான் இழந்ததில் பெரியது ஒரு பிளஸ் டூ வகுப்பு. பறித்தது ஒரு குளவி. முழுப் பழியையும் அதன் மேல் போடுவது நியாயமில்லை. பாதி வேலையை நானே முடித்துக் கொடுத்தேன்.

எனக்குப் பிறந்த ஊர் ஆத்தூர். வாழ்க்கைப்பட்டது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். கணவருக்கு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ஆயுத பூஜை முடிந்ததும் சத்தீஸ்கர் போனால், அங்கே மழை பிடித்த பிறகுதான் வீடு திரும்புவார். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். ஆகவே வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த வீட்டில் நானும் மாமியாரும்தான். அவரை நான் அத்தை என்பேன். அவர் என்னைச் சாமி என்பார். எருமையையும் சாமி என்றுதான் கூப்பிடுவார், அதனால் நான் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஆத்தூரிலும் பூச்சிகள் உண்டு. அங்கே அவை பூச்சிகளாக மட்டும் இருந்தன. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பொறுப்பு இருப்பது தெரிந்தது. தட்டான் தாழப் பறந்தால் மழை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறினாலும் மழை. வண்ணத்துப்பூச்சி வீட்டுக்குள் வந்தால் விருந்தாளி, அதற்காக அரை டம்ளர் அரிசி கூடப் போட வேண்டும். கோழிப்பண்ணை ஈ மட்டும்தான் எதையும் சொல்வதில்லை. சாப்பாட்டில் உட்காருவதோடு சரி.

கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை. அது எனக்கும் என் கணவருக்கும் மட்டும் உரிய விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடையில், கோயில் பிராகாரத்தில், எதிரே வருகிற ஒவ்வொருவரும் "விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார்கள். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் எரிச்சல் எரிச்சல்தான். பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா ஒருபடி மேலே போய், பிள்ளைப்பூச்சியை வாழைப்பழத்துக்குள் வைத்து உயிரோடு விழுங்கினால் உடனே பலன் கிடைக்கும் என்று சொல்லி, பூச்சியைத் தானே பிடித்துத் தருவதாகவும் முன்வந்தார். வருஷத்தில் எட்டொன்பது மாதம் கணவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது, வாழைப்பழம் மட்டும் என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் பள்ளிக்கூடம். நாமக்கல் சாலையில் ஒரு தனியார் பள்ளி. அங்கே மூன்று வருஷமாக ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இலையின் பாகங்களை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளியில் பிளஸ் டூ எடுப்பவர்கள் தனி இனம். ஆசிரியர் அறையில் அவர்களுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அந்த வருஷம் ஏப்ரலில் மூத்த விலங்கியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போக, வகுப்பு எனக்கு வந்தது. தாளாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பொதுத்தேர்வு முடியும்வரை நீண்ட விடுப்பு கேட்கக் கூடாது. அது எந்த விடுப்பு என்பதைக் கூரையைப் பார்த்தபடி விளக்கினார். நானும் கூரையைப் பார்த்தபடி சம்மதித்தேன். கோடை விடுமுறை முழுக்கக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். மூன்று வருஷத்தில் நான் கேட்டு எனக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்த வகுப்புதான்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் குளவி வந்தது. எங்கள் அறை ஜன்னல் சட்டத்தில், ஒட்டிக்கொண்ட மண்ணுருண்டையை நீட்டி நீட்டிக் குழாயாக்கிக்கொண்டிருந்தது. ரீங்காரம் கேட்டு எட்டிப் பார்த்த அத்தை, கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். குளவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குளவியைப் பார்த்தார்.

குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரப் போகிறது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கூட்டைத் தொடவும் கூடாது, கலைக்கவும் கூடாது. மழைக்காலத்துக்கு மகன் வரப் போகிறான், குளவி முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருக்கிறது என்றார் அத்தை. என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அது பெண் குளவி, சிலந்திகளைக் கொட்டி அசையவிடாமல் செய்து உயிரோடு அந்தக் குழாய்க்குள் அடுக்கும், மேலே ஒரு முட்டையிட்டு மூடிவிடும், பொரிந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும், ஆகவே இது வெறும் உணவுக் கிடங்கு என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"அதுவும் பிள்ளைக்குத்தானே சாமி சேத்தி வெக்குது?" என்றார்.

முதுகலைப் பாடத்திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை.

சாயங்காலமே சரசக்கா கூட்டைப் பார்வையிட வந்தார். செம்மண் கூடு என்றால் பையன் என்றார் அத்தை. செம்மண் என்றால் பெண், கரிசல் என்றால்தான் பையன் என்றார் சரசக்கா. வழக்கு முடியாமல் இன்னும் இரண்டு பேரை வரவழைத்தார்கள். நால்வரும் என் அறையில் நின்று மண்ணின் நிறத்தை ஆராய்ந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டிலில் பாடக் குறிப்புகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நானும் பேசாமல் இருந்துவிட்டேன். காரணம் இருந்தது. கூடு வந்த பிறகு ஒருவரும் என்னிடம் விசேஷம் உண்டா என்று கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக ரேஷன் கடைக்கு நிமிர்ந்து நடந்து போனேன். அத்தை தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடவில்லை. முதல் காபி எனக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கூட்டைப் பார்க்கும்போது எனக்கே உள்ளுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. குளவிக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அந்த ஜன்னலைத் திறக்காமல் பத்து நாள் புழுக்கத்தில் கிடந்தேன். (இவ்வளவுக்கும் காரணம் அறிவியல் ஆர்வம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

தாளாளரின் மனைவிக்குப் பிறந்த வீடு எங்கள் ஊர். பள்ளி அலுவலகத்தை முழுக்கப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அமாவாசைக்கு அமாவாசை ஊர்க் கோயிலுக்கு வருவார். அந்த அமாவாசைக்கும் வந்தார். சரசக்காவும் வந்திருந்தார். அத்தை சொன்னது இனி வரப்போகும் குழந்தையைப் பற்றி. அது சரசக்காவின் வாய் வழியாகத் தாளாளர் மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனால் என் மேசையில் பிளஸ் டூ வருகைப் பதிவேட்டைக் காணோம். அது தாவரவியல் ஆசிரியையின் மேசையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, இனி மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம் என்றார். தாளாளர் என்னை அடுத்த நாள் பதினோரு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருப்பதாக அலுவலக உதவியாளர் சொன்னார். யாரோ நாலு பேர் மண் நிறத்தைப் பார்த்து என் வகுப்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வந்த ஆத்திரம் சாமான்யமானதல்ல.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. போகிற வழியில் மருந்துக்கடையில் ஒரு கர்ப்பச் சோதனை அட்டை வாங்கியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இனப்பெருக்கம் நடத்தத் துடித்த ஒருத்திக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. கூட்டையே கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டிவிட்டால்? உள்ளே குழந்தை இல்லை, சிலந்திகள்தான் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகு யார்தான் மறுக்க முடியும்?

காலையில் அத்தை பால் கறக்கப் போன நேரத்தில், தோசைத்திருப்பியால் கூட்டை முழுசாகப் பெயர்த்தேன். குளவி என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கூட்டை டிபன் பாக்ஸில் பத்திரப்படுத்தி, பஸ்ஸைப் பிடித்தேன். அந்த அவசரத்தில் என் மதியச் சாப்பாட்டை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுப் போனதுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் வழி திறந்தது.

பதினோரு மணிக்குத் தாளாளர் அறைக்குள் போனேன். பெரிய மேசை, மேலே கண்ணாடி. எதிரே தாளாளர், பக்கத்தில் அவர் மனைவி. தாளாளர் வாழ்த்து சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். இனிப்பு என்று நினைத்து அவர் மனைவி முகம் மலர்ந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு ஸ்கேலை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தே கூட்டை உடைத்தேன். இருபது சிலந்திகளாவது உருண்டன. சிலது காலை மெல்ல ஆட்டின. நடுவில் வெளுத்த புழு இரண்டு நெளிந்தன. "இது ஒரு கிடங்கு சார். இதற்கும் மனிதக் கர்ப்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்று வகுப்பெடுக்கும் குரலில் தொடங்கினேன். ஒரு சிலந்தி கட்டண ரசீதுப் புத்தகம் வரைக்கும் போய் நின்றது. தாளாளர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி சிலந்தியைப் பார்க்கவே இல்லை. உடைந்த மண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு இதையப் போயி ஒடைப்பாங்களா?"

நான் வாயும் வயிறுமாக இல்லை என்றேன். ஆரம்பத்தில் அப்படித்தான் தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்றேன். குளவிக்குத் தெரியாதா என்றார். இந்த இடத்தில் என் பொறுமை போய்விட்டது. என்னிடம் இருந்த அறிவியல் ஆதாரங்களிலேயே வலுவானதை எடுத்து வீசினேன்.

"மேடம், என் வீட்டுக்காரர் ஊருக்குப் போய் எட்டு மாசம் ஆச்சு. நடுவில் ஒரு நாள்கூட வரவில்லை. அப்புறம் எப்படி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாதம் இறங்குகிறது என்று நினைத்தேன். ஸ்கேலைக் கையில் பிடித்தபடி, வெற்றிக் களிப்போடு ஒரு கால் நிமிஷம் நின்றிருப்பேன். அப்புறம்தான் அந்த அம்மாள் முகத்தைக் கவனித்தேன். தாளாளரின் முகத்தையும் கவனித்தேன். அவர் வேகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குளவி கட்டிவிட்டது, ஆகவே குழந்தை நிச்சயம் என்பதில் அவர்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நான் அவர்கள் மனதிலிருந்து குழந்தையை அகற்றவில்லை. தகப்பனை அகற்றிவிட்டேன்.

என்ன சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தபோது காதெல்லாம் எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அத்தை. நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைத் தூக்குப் பையில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ் ஏறி, பள்ளியில் நான் எங்கே என்று கேட்டு நேராக அங்கேயே வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. மேசையைப் பார்த்தார். உடைந்த கூட்டைப் பார்த்தார். என்ன என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாளாளர் மனைவி நிதானமாகக் கேட்டார். "உங்க பையன் ஊருக்கு வந்து எட்டு மாசமாச்சுன்னு உங்க மருமவ சொல்றாங்களே, அப்படிங்களா?"

என் அத்தை பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாசியில ஒருக்கா வந்துட்டுப் போனானுங்க. கொலசாமிக்கு வேண்டுதல். ரெண்டே நாளு. ஊர்ல ஆருக்கும் தெரியாது. இவளுக்கு அதையச் சொல்றதுக்கு வெக்கமுங்க."

அந்த அறையே பெருமூச்சு விட்டது. தாளாளர் காலைக் கீழே இறக்கினார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்தே போய்விட்டேன் என்றார். நான் "இல்லீங்க, உண்மையில..." என்று ஆரம்பித்தேன். அத்தை என் முழங்கையை அழுத்தினார்.

"நீ சும்மா இரு சாமி."

நானும் சும்மா இருந்தேன். மானம் வந்தது, வகுப்பு போனது. மாசியில் வந்து போனவரின் மனைவி மார்கழியில் விடுப்பு கேட்பாள் என்று தாளாளரே கைவிரலில் எண்ணிப் பார்த்து, தாவரவியல் ஆசிரியையைப் பிளஸ் டூவுக்கு உறுதி செய்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அன்றைக்கு விடுப்பும் கொடுத்தார். கோடை முழுக்க எழுதிய குறிப்புகளை அந்த ஆசிரியையிடம் நானே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

பஸ் நிறுத்தத்தில் அத்தை பையைப் பிரித்து எலுமிச்சைச் சாதத்தை என் மடியில் வைத்தார். நான் பாதி சாப்பிடும்வரை முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். பிறகு, "கூட்ட ஒடச்சுப்போட்டயே சாமி" என்று மட்டும் சொன்னார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பை இழக்கவைத்தது அவர் சொன்ன பொய். ஆனால் பொய்யே சொல்லாத ஒருத்தி, ஒரு கணம்கூட யோசிக்காமல் எனக்காகச் சொன்ன பொய் அது. அழுகை வந்தது. எலுமிச்சைச் சாதத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

வீட்டுக்குப் போனதும் அத்தை மகனுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் ரிக் வண்டியின் இரைச்சல். மாசியில் நீ ஊருக்கு வந்திருக்கிறாய், யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டும் என்றார்.

"நான் எப்பம்மா வந்தேன்?"

"வந்தீன்னா வந்தீன்னு இரு."

ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் அதே வண்டியில் வேலை பார்க்கிறார்கள். மாசி முழுக்க அவரோடு ஒரே பானையில் சோறு பொங்கித் தின்றவர்கள். வீட்டிலிருந்து செய்தி போய், அவர்கள் ஒவ்வொருவராக வந்து என் கணவருக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்களாம். அவர்களிடம் அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. ஐந்தே நாளில் வீட்டில் இருந்தார். வந்ததும் வராததுமாக, எந்த ஜன்னல் என்று கேட்டார்.

அந்த வருஷம் முழுக்க நான் மறுபடி இலையின் பாகங்களை வரைந்தேன். தாளாளர் மனைவி வாரத்துக்கு ஒரு முறை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் இடுப்பைப் பார்ப்பார். புடவையைத் தளர்த்திக் கட்டலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அத்தைதான் ஒரு அமாவாசைக்குக் கோயிலில் எல்லார் முன்னாலும் அதை முடித்து வைத்தார். அது வேறு சாதிக் குளவி, பிள்ளைக்குச் சொல்கிற குளவி அது இல்லை, நான்தான் கண் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். இரண்டு வருஷம் நான் படித்த வகைப்பாட்டியலை ஒரே வாக்கியத்தில் நடத்தி முடித்துவிட்டார். ஊர் உடனே ஒப்புக்கொண்டது. என் வகுப்பு அடுத்த ஜூனில் திரும்பி வந்தது.

அதற்கு அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அவள் வயிற்றில் இருந்த பத்து மாதமும் ஒரு குளவிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இதை ஆதாரத்தோடு அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். அவை கோபித்துக்கொண்டிருக்கின்றன என்றார்.

அத்தையின் நம்பிக்கை இம்மியும் குறையவில்லை. அதில் ஒரு விதியை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். மகன் வீட்டில் இருக்கும் மழை மாதங்களில் குளவி எங்கே கட்டினாலும் தொட மாட்டார். போன வருஷம் மிக்ஸியின் மேல் கட்டியது, இரண்டு மாதம் அம்மியில் அரைத்தோம். ஆனால் ஆயுத பூஜை முடிந்து ரிக் வண்டி சத்தீஸ்கர் கிளம்பிய மறுநாளே, சீமாற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னல் சட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடுவார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் கணவரிடம் நலம் விசாரிப்பதில்லை. ஊருக்குப் போகிற தேதியைக் குளவிக்குச் சொல்லியாயிற்றா என்றுதான் கேட்கிறார்கள்.

போன வாரம் அவர் சத்தீஸ்கரிலிருந்து கூப்பிட்டார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தை போனை எடுத்து, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள், எருமை கன்று போட்டிருக்கிறது என்று ஊர்க்கதையெல்லாம் சொன்னார். வேறென்னம்மா விசேஷம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"ஒன்னுமில்ல சாமி. காத்தால ஒரு குளவி மண்ணுருண்டையத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. நீ ஊர்ல இல்லீன்னு சொல்லித் திருப்பித் தாட்டியுட்டுட்டேன்."